செவலைப் பசுவின் முன்னங்கால்

போன மாதம் பாளையங்கோட்டையில் இளம் கால்நடை மருத்துவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. மாட்டை வெட்டினார்கள், நாய்க்கு விஷம் வைத்தார்கள் என்று போலீஸ் வழக்கு வரும்போது, செத்த விலங்கின் உடம்பிலிருந்து தடயங்களை எப்படி எடுப்பது என்பதுதான் பாடம். என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே அளவுகோல், எண் போட்ட அட்டைகள், உறைகள், குப்பிகள், கையுறைகள் எல்லாம் அதனதன் குழியில் பொருந்தி உட்கார்ந்திருந்தன. எனக்கு அதைத் தொட்டுப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

ஒரு பெண் டாக்டர் எழுந்து, "மேடம், உங்க காலத்துல கிட்ல என்னல்லாம் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

தையற்கடை டேப் ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, ஊறுகாய் பாட்டில்கள், கல்லுப்பு, அரக்கு, மெழுகுவத்தி. சொன்னதும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அந்த ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் மீனைத் தவிர வேறு பிராணியைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. அந்தத் தெருவிலிருந்து நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போனதை அம்மா கடைசிவரை நம்பவில்லை. நாமக்கல்லில் படித்தேன், மூன்று ஊர்களில் தற்காலிகமாக வேலை பார்த்தேன், பிறகு திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்து ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்துவிட்டேன். ஊசி போடுவதும், பிரசவம் பார்ப்பதும், சினை ஊசிக்குச் சைக்கிளில் வருபவர்களுக்குப் பதில் சொல்வதுமாகத்தான் பெரும்பாலான வருஷங்கள் போயின. போலீஸ் வழக்கு என்று வந்தவை குறைவு. அந்தக் குறைவானவைதான் மனதில் நிற்கின்றன.

முதல் வழக்கில் தோற்றேன். முக்கூடல் பக்கம் ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டு கரையேறிய வண்டியில் ஒரு காளை விழுந்து செத்தது. வண்டிக்காரன் ஆணி வைத்த தார்க்கம்பால் அதைக் குத்திக் குத்தி ஓட்டியதை ஊரே பார்த்திருந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்தது நான். நுகத்தடி உட்கார்ந்த இடம் பச்சைப் புண்ணாக இருந்தது. வாலடியில் குத்துக் காயங்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. "ஈவிரக்கமற்ற முறையில் சித்திரவதை செய்யப்பட்டதால் காளை இறந்துள்ளது" என்று ஆவேசமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது மாதம் கழித்துக் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையாகக் கேட்டார்.

"டாக்டர், மொத்தம் எத்தனை காயம்?"

"நிறைய இருந்தது."

"நிறையன்னா? அஞ்சா, ஐம்பதா?"

நான் எண்ணவில்லை.

"எவ்வளவு ஆழம்? அன்னைக்குப் பட்டதா, ஒரு வாரம் முந்திப் பட்டதா? காளைக்கு நெஞ்சுல வேற வியாதி எதுவும் இருந்துதா? நெஞ்சைத் திறந்து பாத்தீங்களா?"

திறக்கவில்லை. வெளிக்காயமே போதும் என்று நினைத்திருந்தேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வண்டிக்காரன் விடுதலையானான். வெளியே வந்தபோது அவன் எனக்கு ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிடு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அப்போது எனக்கு மேலதிகாரி சங்கரலிங்கம் சார், உதவி இயக்குநர். நெற்றியில் மூன்று பட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அன்று கோர்ட்டுக்கு அவரும் வந்திருந்தார். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி நெடுகக் கடலை தின்றுகொண்டு வந்தார். பாளையங்கோட்டை வந்ததும் தோலை எல்லாம் பொட்டலத்தில் மடித்து வைத்துக்கொண்டே, "ரோஸ்லின், அந்த ரிப்போர்ட்ல உங்க கோவம் இருக்கு. மாடு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவரிடம் வேலை பார்ப்பது லேசில்லை. அறிக்கையை நான்கு முறை திருப்பி அனுப்புவார். அவர் போஸ்ட்மார்ட்டம் செய்யும் விதமே தனி. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிப்பார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செத்த விலங்கை மூன்று முறை சுற்றி வருவார். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. நாலாவது சுற்றில்தான் குனிவார். பார்ப்பதை உரக்கச் சொல்லவேண்டும், உதவியாளர் எழுதவேண்டும். "வீங்கின மாதிரி இருக்கு சார்" என்று நான் சொல்லிவிட்டால் போச்சு.

"மாதிரின்னா என்ன? வீங்கியிருக்கா, இல்லையா, தெரியலையா? மூணுல ஒண்ணு சொல்லுங்க. மாதிரிங்கிற உறுப்பு எந்த மாட்டுக்கும் கெடையாது."

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவரிடம் வேலை பார்த்த பத்து வருஷத்தில் என் அறிக்கைகளில் எண்கள் வந்தன. அவரும் இணை இயக்குநர் ஆகிவிட்டார்.

இனி சொல்லப்போவது சீவலப்பேரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊரில் நடந்தது. அறுவடை முடிந்து வயல்கள் வெறும் அடித்தாளாகக் கிடந்த சமயம். காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன். "டாக்டரம்மா, ஒரு பசுவைக் கொடூரமா வெட்டிப் போட்டுட்டான். ஆளைப் பிடிச்சாச்சு. ஊரு கொதிச்சுக் கெடக்கு. சீக்கிரம் வாங்க."

போவதற்குள் படம் எனக்கே வந்துவிட்டது. யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். செவலைப் பசு, மடி இருந்த இடத்தில் ஒரு குழி, நாக்கு இல்லை, ஒரு காது இல்லை. கீழே, இவனைத் தூக்கில் போடவேண்டும் என்று ஒரு வரி. அந்தப் படம் அன்று காலை எத்தனை ஊர் சுற்றியதோ.

நானும் என் உதவியாளர் சுடலைமுத்துவும் போய் இறங்கியபோது வயலில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். நடுவே பசு. அதன் தலைமாட்டில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள், ஐம்பது வயதிருக்கும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பசுதான். அது ஆறு மாதச் சினை. முந்தின நாள் சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு போன பசு இருட்டும்வரை திரும்பவில்லை. விடிந்து தேடி வந்தவள் இங்கே கண்டாள்.

பிடிபட்டவன் பெயர் கன்னியப்பன். வடக்கேயிருந்து வருஷாவருஷம் அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருபவன். தாள் வயலில் வலை கட்டி வாத்துகளை மேய்ப்பான். பசு கிடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவன் குடிசை. இரண்டு நாளுக்கு முன்னால் அந்தப் பசு அவன் வலையை மிதித்துக் கிழித்திருக்கிறது. "இன்னொரு தடவை வந்தா காலை ஒடிச்சிடுவேன்" என்று அவன் பேச்சியம்மாளிடம் கத்தியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். குடிசையில் கம்பு சீவும் கத்தி ஒன்றும் இருந்தது. போதாதா? அடித்து உதட்டைக் கிழித்துப் போலீஸில் ஒப்படைத்திருந்தார்கள். வலையையும் பிய்த்துப் போட்டிருந்தார்கள். வாத்துகள் திக்காலுக்கு ஒன்றாகச் சிதறிப் போயிருந்தன. அவன் பெண்டாட்டி குடிசை ஓரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டத்தில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தவர் ராமையா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், ஊரில் பெரிய மனிதர். "அண்ணாச்சி சொல்லுதது சரிதான்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேலிடத்திலிருந்து யாரோ பேசியிருப்பார்கள்போல. சங்கரலிங்கம் சார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் அவரிடம், "என்ன சார் தோணுது?" என்று கேட்டார். சார் பத்தடி தள்ளி நின்றபடியே பார்த்து, "வெட்டு மாதிரிதான் தெரியுது" என்றார்.

என் காதுக்கு அது கேட்டது. பத்து வருஷம் எனக்குத் தடை போட்ட வார்த்தை. அவருக்கு அன்று ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. காலையிலிருந்து எத்தனை போன் வந்ததோ, முகம் களைத்துக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். நான் கையுறையை மாட்டினேன்.

"அறுங்கம்மா சீக்கிரம்," என்றார் ராமையா. "அறுத்து ரிப்போர்ட்டக் குடுங்க. பொதைக்கணும்லா?"

"அறுக்க முடியாது அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க."

திடீரென்று செத்த மாட்டை எடுத்த எடுப்பில் அறுக்கக்கூடாது. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோயாக இருந்தால் அறுத்த இடத்து மண்ணில் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் கிடக்கும், மனிதருக்கும் பரவும். மூக்கு, ஆசனவாயில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தேன். ஆசனவாய்ப் பக்கமும் பிய்ந்து கிடந்ததால் ஒன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மிச்சமிருந்த காதின் நுனி ரத்தக்குழாயில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்துக் காயவைத்தேன். ஒரு போலீஸ்காரர் அதை மோட்டார் சைக்கிளில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே என் தோழி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமி இல்லை என்று சொன்னால்தான் கத்தி எடுப்பேன் என்றேன்.

கூட்டம் முணுமுணுத்தது. "பட்டப்பகல்ல கத்தியால வெட்டிக் கெடக்கு, இந்தம்மா சீக்கு பாக்காவ" என்று ஒருவன் சொன்னான். அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது.

எனக்கு அந்தக் காத்திருப்பு நல்லதாகப் போயிற்று. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மடி இருந்த இடத்தருகே மண்டியிட்டேன். முதலில் கண்ணில் பட்டது, ரத்தம் இல்லை என்பது. மடியில் அவ்வளவு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உயிரோடு அறுத்திருந்தால் அந்தத் தாள் வயல் சேறாகியிருக்கும். இங்கே மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காயத்தின் ஓரம் வீங்கவில்லை, சிவக்கவில்லை. மஞ்சளாக, காய்ந்த அப்பளம்போல இருந்தது. செத்த பிறகு பட்ட காயம்.

அடுத்து மயிர். கத்தி போகிற வழியில் தோலோடு மயிரையும் வெட்டிக்கொண்டே போகும். வெட்டு ஓரத்தில் மயிர் ஒட்ட நறுக்கினதுபோல நிற்கும். இங்கே மயிர் முழு நீளமாக இருந்தது. தோல் பிய்ந்திருந்தது. ஓரத்தில் இரண்டு இரண்டாகப் பள்ளங்கள். டேப்பை வைத்து அளந்தேன். சொல்லச் சொல்லச் சுடலைமுத்து எழுதினார். அவருக்கு அளவே தேவைப்படவில்லை.

"நாய்ம்மா," என்றார் என் காதருகே. "நாய் மொதல்ல மெத்துனு உள்ள எடத்தத்தான் திங்கும். மடி, நாக்கு, காது."

"மெள்ள. சத்தம் போடாதீங்க. எழுதுங்க."

மனதுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இன்னொரு பாரம் ஏறியது. நாய் தின்றது செத்த பிறகு. சரி, பசு எப்படிச் செத்தது?

இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. வலப்பக்கத்து இடுப்பில் மயிர் எல்லாம் ஒரே திசையில் தேய்ந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டிலும் கயிறு இறுக்கிய தடம், அதிலும் ரத்தக்கட்டு இல்லை. செத்த பிறகு இதை யாரோ கட்டி இழுத்திருக்கிறார்கள். குளம்பு இடுக்கில் கன்னங்கரேல் என்று ஈர வண்டல் அப்பியிருந்தது. அது கிடந்த வயலோ பொட்டுத் தண்ணீர் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

குடிசை ஓரம் நின்ற கன்னியப்பனின் பெண்டாட்டி நான் தண்ணீர் கேட்டபோது செம்பில் கொண்டு வந்தாள். கொடுக்கும்போது, "விடியக்காலம் டிராக்டர் சத்தம் கேட்டுச்சும்மா. அவரு அதத்தான் போலீஸ்ல சொன்னாரு. யாரும் காதுலயே வாங்கல" என்றாள்.

பதினொன்றரைக்குத் தோழி போன் செய்தாள். "சுத்தமா இருக்கு. அறுக்கலாம்."

அறுத்தோம். ரத்தம் கருத்து, உறையாமல் ஓடியது. இதயத்தின் மேல் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். மூச்சுக்குழாயிலும் அப்படியே. வாயில் பாதி மென்ற இலை. பெருவயிற்றில் வாழை இலையும் வாழைக்கன்றின் துண்டுகளும். விஷத்துக்கான மணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஈரல், சிறுநீரகம், வயிற்றிலிருந்ததில் கொஞ்சம் என்று உப்புக் கரைசல் ஊற்றிய பாட்டில்களில் தனித்தனியாகப் போட்டு, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். கருப்பையைத் திறந்தபோது பேச்சியம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். கிடாரிக் கன்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

நோய் இல்லை. காயம் இல்லை. விஷத்தைப் பற்றி ஆய்வகம்தான் சொல்லவேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். அதுவரை கன்னியப்பன் உள்ளேதான். மென்றுகொண்டிருந்தபோதே நின்றுபோன உயிர். நான் நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தேன். அப்போதுதான் வண்டல் அப்பிய கால்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

"சுடலைமுத்து, நாலு காலையும் கழுவுங்க. தேய்க்காதீங்க, தண்ணிய மட்டும் பைய ஊத்துங்க."

மூன்று கால்களில் ஒன்றுமில்லை. இடது முன்னங்காலில், குளம்புக்கு நாலு விரற்கடை மேலே, ஒரு கோடு. நீளம் ஆறரை சென்டிமீட்டர், அகலம் மூன்று மில்லிமீட்டர். நடுவில் வெளிறிப் பள்ளமாக, ஓரம் தடித்து இறுகி. அந்தக் கோட்டை ஒட்டியிருந்த மயிர்களின் நுனி சுருண்டு கருகியிருந்தது. ஒரு மயிரைக் கிள்ளி மோந்தேன். தீய்ந்த வாடை.

சங்கரலிங்கம் சார் மரத்தடி நாற்காலியில் இருந்தார். எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"சார், வெட்டு இல்ல. நாய் பிச்சது, அதுவும் செத்த பிறகு. முன்னங்கால்ல கம்பி சுட்ட தடம் இருக்கு. கரண்ட் பட்டுச் செத்திருக்கு. வேற எடத்துல செத்து, இங்க இழுத்துப் போட்டிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை மடித்தார். இருநூறு பேர் பார்க்க, அந்தப் பசுவை மூன்று முறை சுற்றி வந்தார். சேற்றுத் தண்ணீரில் மண்டியிட்டு, என் பூதக்கண்ணாடியை வாங்கி, அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். மடியைப் பார்த்தார். எழுந்தபோது முழங்கால் இரண்டும் நனைந்து போயிருந்தன.

இன்ஸ்பெக்டரிடம் போனார். "காலையில நான் சொன்னதை எழுதினீங்கல்லா? அது தப்பு. அடிச்சிருங்க. நான் பக்கத்துல போயிப் பாக்காம சொன்னேன். டாக்டர் ரோஸ்லின் சொல்லுததுதான் சரி." குரலைத் தாழ்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் குளம்பிலிருந்த வண்டலைப் பார்த்தார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அந்த வட்டாரத்தில் அன்று ஈரமாக இருந்த நிலம் ஒன்றுதான், முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய வாழைத்தோட்டம். ராமையாவைத் தேடினோம். அவர் ஒரு வரப்பு தள்ளி நின்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, காட்டுப்பன்னிக்குக் கரண்டு வேலி போட்டிருக்கான்லே!" என்று ஒருவன் கத்தினான். இளவட்டங்கள் பத்துப் பதினைந்து பேர் தோட்டத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. "நில்லுங்க! ஒருத்தரும் உள்ள போகக்கூடாது! கரண்ட் இருக்கும், செத்துப் போவீங்க!"

இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் வாய்க்கால் பாலத்தில் குறுக்கே நின்று மறித்தார்கள். லைன்மேனுக்குப் போன் போயிற்று. அவர் வந்து டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கி, கையை உயர்த்திக் காட்ட இருபது நிமிஷம் ஆனது. மணி நாலு இருக்கும். பிறகு நாங்கள் தோட்டத்து வரப்பில் இறங்கினோம்.

ஐம்பதடி போயிருப்போம். எதிரே வாழைக்குள்ளிருந்து மூன்று பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு வந்தார்கள். காலையிலிருந்து ஆற்றங்கரையில் புல் அறுத்தவர்கள், இங்கே நடந்தது எதுவும் தெரியாது. முன்னால் வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். கணுக்காலுக்குச் சற்று மேலே குறுக்கே என்னவோ தடுத்தது. குனிந்தாள். வெறுங்கையால் அதைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏட்டி, இது என்னது கம்பி கெடக்கு? பாத்து வா," என்று பின்னால் வந்தவளுக்காகத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

மெல்லிய கட்டுக்கம்பி. மூங்கில் முளைகளில் சுற்றித் தோட்டத்தின் அந்தப் பக்கம் முழுக்க ஓடியது. லைன்மேன் மோட்டார் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "சுவிட்ச் போட்டபடியே இருக்கு சார். பியூஸைப் பிடுங்குத வரைக்கும் இதுல கரண்ட் ஓடியிருக்கு."

அந்தப் பெண் இன்னமும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்து, "என்ன வே, எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கிய?" என்று கேட்டாள்.

நான் அந்த ஈர வரப்பிலேயே உட்கார்ந்தேன். சுடலைமுத்து சத்தமாக அழுதார். எங்கள் பின்னால் வந்திருந்த பேச்சியம்மாள் அந்தப் பெண்ணிடம் போய், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை விடுவித்து, அவள் உள்ளங்கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "நேத்துக்கு முந்தின நாளு நான் இங்கனதானேட்டி புல்லறுத்தேன்" என்றாள்.

ராமையா மறுக்கவில்லை. விடியுமுன் தோட்டத்துக்கு வந்தவர் பசு கிடப்பதைக் கண்டு பதறியிருக்கிறார். டிராக்டரில் கட்டி இழுத்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நாய்கள் வந்திருக்கின்றன. பசு விழுந்த பக்கத்துக் கம்பியை மட்டும் காய்ந்த மூங்கில் கம்பால் விலக்கித் தள்ளிவிட்டு, சுவிட்சை அணைக்க மறுகோடியிலிருந்த மோட்டார் அறைக்குப் போகுமுன் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. பிறகு கூட்டம், போலீஸ். போகப் பயம். "சாயங்காலம் போயி அணைச்சுக்கிடலாம்னு இருந்தேன்" என்றார். வாத்துக்காரனை அடித்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, மறுபடி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனேன். கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. நீ போகலாம் என்று சொன்னபோது அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் என்னைப் பார்த்து, "வாத்துங்கல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. ஜீப்பில் அவனையும் ஏற்றிக்கொண்டு போனோம். வெயில் சாய்ந்திருந்தது. தாள் வயலில் ஒரு பெண் நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு "பக் பக் பக்" என்று கூப்பிட்டபடி நடந்துகொண்டிருந்தாள். வாத்துகள் அவளைச் சட்டை செய்யாமல் நாலா பக்கமும் ஓடின. பேச்சியம்மாள். கூடவே காலையில் வலையைப் பிய்த்த இளவட்டங்கள் சிலரும் புழுதியில் விழுந்து எழுந்து வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் ஜீப்பிலிருந்து இறங்கி, கிழிந்த உதட்டைக் குவித்து ஒரு குரல் கொடுத்தான். அவ்வளவுதான். வயலின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பதில் வந்தது. வரிசை வரிசையாக அவனைப் பார்த்து வந்தன.

காலையில் அவன் முகத்தில் துப்பியவள் பேச்சியம்மாள்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் அவனருகே போய் நின்றாள். "அய்யா, எனக்குக் கண்ணவிஞ்சு போச்சு" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் பெண்டாட்டிதான் அவள் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டாள்.

முன்னங்காலிலிருந்து வெட்டி, கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டு அனுப்பிய தோல் துண்டு மின்சாரம் சுட்டதுதான் என்று ஆய்வகம் சொன்னது. ஈரலில் விஷம் இல்லை. கோர்ட்டில் ராமையாவின் வக்கீல் என்னிடம், "அந்தக் கோடு எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். "ஆறரை சென்டிமீட்டர்" என்றேன். அகலம் கேட்டார், சொன்னேன். எந்தக் கால் என்று கேட்டார், சொன்னேன். கத்தி இல்லை என்பதை எப்படிச் சொல்கிறீர்கள் என்றார், மயிரைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். ராமையாவுக்குத் தண்டனை கிடைத்தது. அதைவிட, அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல தோட்டங்களில் கம்பிகள் தாமாகவே காணாமல் போயின. எனக்கு அது போதும்.

சங்கரலிங்கம் சார் அந்தப் பசு செத்த நாலாம் மாதமே ஓய்வு பெற்றிருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. வழியனுப்பு விழாவில் ஆளாளுக்கு அவர் பெருமை பேசினார்கள். நான் மேடையேறி, "சார் ஒரு தடவை தப்பாச் சொன்னதை நான் பாத்திருக்கேன். அதைத் திருத்தினதையும் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டாள். "இத்தனை செத்த பிராணிகளைப் பாத்திருக்கீங்களே மேடம், மனசு விட்டுப்போகலையா?"

அந்தப் பசு செத்ததற்கு அடுத்த வருஷம், அறுவடை முடிந்திருந்த ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. "டாக்டரம்மா, வாத்துக்காரன் வந்திருக்கான். எங்க ஊரு வயல்லதான் வலை கட்டியிருக்கான். வாத்துக்கு ஏதோ கழிச்சல் வருதாம், ஊசி போடணும்ங்கான். வாரியளா?"

வர மாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மருந்துப் பெட்டியோடு கிளம்பிப் போனேன். கன்னியப்பன் வாத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான். பேச்சியம்மாள் இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஊசி போட்டேன். சுடலைமுத்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வந்து நடுவில் விட்டுவிட்டார். மதியம்வரை ஆனது. ஊசி போட்ட வாத்தைக் கீழே விட்டால் ஒரு உதறு உதறிவிட்டு, திட்டிக்கொண்டே ஓடும். என் சேலையெல்லாம் சேறு, எச்சம், இறகு. அவ்வளவு உயிர்கள் என் கையில் துடித்துவிட்டுப் போயின. வீட்டுக்கு வந்து குளிக்கக்கூடத் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன்.